நீதிபதி தேர்தல்: வாக்குச்சீட்டின் அந்தக் கடைசிக் கட்டத்தை நீங்கள் நிரப்புகிறீர்களா?

பே ஏரியா கார்த்தி | ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. வாழ்க்கையில் முதல் அமெரிக்க வாக்குச்சீட்டு தபாலில் வந்து பத்து நாள் ஆகிறது. ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் சாப்பாட்டு மேஜையில் வாக்காளர் கையேட்டை விரித்துப் போட்டு, நானும் மனைவியும் ஒவ்வொரு கட்டமாகப் படித்து நிரப்பிக்கொண்டு வந்தோம். கடைசியில் "சுப்பீரியர் கோர்ட் நீதிபதி" என்று ஒரு கட்டம். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அளவில் வழக்கு விசாரிக்கிற நீதிமன்றம் அது. இரண்டு பெயர். ஒரு பெயருக்குக் கீழே "டெபுடி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி", அதாவது துணை அரசு வழக்கறிஞர். இன்னொன்றுக்குக் கீழே "வழக்கறிஞர்". கட்சி இல்லை. கையேட்டில் ஒருவர் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார், மற்றவருக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆபீஸில் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவார்களாம். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. ஊரில் என் அப்பா ஒரு நிலத் தகராறுக்காக 11 வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றவர். மேலே உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது கீழே நிற்பவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

2018-ல் சாந்தா கிளாரா கவுண்டியில் ஒரு நீதிபதியை மக்களே வாக்குப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்போது இங்கே இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன். நீங்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

வேலூர் வாசு | ஞாயிறு இரவு 10.02

நானும் விட்டுவிடுகிற ஆள்தான் கார்த்தி. தெரியாத பெயருக்கு நேரே மையை வைப்பதைவிட வைக்காமல் இருப்பது மேல் என்று நினைக்கிறேன். ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பும் அதிகாரம் அது. பெயர் நன்றாக இருக்கிறது என்று போட முடியுமா?

கூப்பர்டினோ மீனா | ஞாயிறு இரவு 11.25

கார்த்தி தம்பி, அந்த நீதிபதியின் பெயர் ஏரன் பெர்ஸ்கி. அவரை இறக்கக் கையெழுத்து வாங்கினவர்களில் நானும் ஒருத்தி. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2015 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டிய நேரம். ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் ஒரு விருந்து நடந்த வீட்டுக்குப் பக்கத்தில், குப்பைத் தொட்டிக்குப் பின்னால், நினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணிடம் ப்ராக் டர்னர் என்ற நீச்சல் வீரன் அக்கிரமம் செய்துகொண்டிருந்தான். அந்த வழியாகச் சைக்கிளில் வந்த இரண்டு சுவீடன் நாட்டு மாணவர்கள் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். அவன் ஓடினான். துரத்திப் பிடித்து, போலீஸ் வரும்வரை அமுக்கி வைத்தார்கள். 2016 மார்ச்சில் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, மூன்று குற்றச்சாட்டிலும் அவன் குற்றவாளி என்று சொன்னது. சட்டப்படி 14 ஆண்டு வரை கொடுக்கலாம். அரசுத் தரப்பு 6 ஆண்டு மாநிலச் சிறை கேட்டது. ஜூன் 2 அன்று பெர்ஸ்கி கொடுத்தது 6 மாதம் கவுண்டி ஜெயில், 3 ஆண்டு ப்ரொபேஷன் (வெளியில் இருந்தபடியே கண்காணிப்பு). சிறைக்கு அனுப்பினால் அந்தப் பையனுக்குப் பாதிப்பு கடுமையாக இருக்கும் என்று காரணமும் சொன்னார். நன்னடத்தைச் சலுகை போக 3 மாதத்தில், செப்டம்பர் 2 அன்று அவன் வெளியே வந்துவிட்டான்.

தீர்ப்புக்கு மறுநாள் அந்தப் பெண் கோர்ட்டில் வாசித்த அறிக்கை பஸ்ஃபீட் தளத்தில் முழுசாக வந்தது. அப்போது அவள் பெயர் வெளியே தெரியாது, "எமிலி டோ" என்றுதான் போட்டிருந்தார்கள். சானல் மில்லர் என்ற தன் பெயரை 2019-ல்தான் அவளே சொன்னாள். மகளை நீச்சல் வகுப்புக்கு விட்டுவிட்டு, பார்க்கிங்கில் காரிலேயே உட்கார்ந்து போனில் படித்தேன். மகளுக்கு அந்த செப்டம்பரில் காலேஜ். வகுப்பு முடிந்து தலை ஈரத்தோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள். கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

அடுத்த வருஷம் சன்னிவேலில் ஒரு இந்திய மளிகைக் கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்றேன். ஆஸ்பத்திரி நர்ஸ் உடையில் ஒரு பெண், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தாள். நான் ஒரு வாக்கியம்கூட முடிக்கவில்லை, பேனாவை வாங்கிக்கொண்டாள். அடியில் இருந்த தாளிலும் பதிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் போய்க் காரில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அந்தக் கார் கிளம்பவே இல்லை.

வாக்கெடுப்பு நடத்தத் தேவைப்பட்டது 58,634 கையெழுத்து. 2018 ஜனவரியில் கொடுத்தது ஏறத்தாழ 95,000. ஜூன் 5 அன்று வாக்களித்தவர்களில் 100-க்குச் சுமார் 62 பேர் இறக்கு என்றார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் தம்பி. நான் அதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

மேலூர் வக்கீல் | திங்கள் காலை 7.15

மதுரைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 30 வருடமாக முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் நிற்பவன். எங்களுக்கு நீதிபதி பரீட்சை எழுதி வருகிறார், தவறு செய்தால் உயர் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். விசாரணை நீதிபதி ஓட்டுக் கேட்டு வருவது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. இந்தப் பெர்ஸ்கி முதலில் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார்? மக்கள் தேர்ந்தெடுத்தவர்தானா? தீர்ப்புக்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று ஊரில் பேச்சு? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

துபாஷி | திங்கள் மதியம் 12.40

வக்கீல் ஐயா, நான் கலிஃபோர்னியாவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. பெர்ஸ்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் 2016 ஜூனிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

அவர் ஸ்டான்ஃபோர்டில் படித்தவர், அங்கே லக்ராஸ் என்ற விளையாட்டின் அணிக்குத் தலைவராக இருந்தவர். சட்டம் படித்தது பெர்க்லியில். பிறகு சாந்தா கிளாரா கவுண்டியிலேயே அரசு வழக்கறிஞர். கையாண்டது பாலியல் குற்ற வழக்குகள், அதுவும் குற்றம் சாட்டும் தரப்பில். 2002-ல் நீதிபதி தேர்தலில் நின்றார், தோற்றார். அடுத்த ஆண்டு ஆளுநர் கிரே டேவிஸ் அவரைக் காலியாக இருந்த ஓர் இடத்தில் நியமித்தார். அதே 2003 அக்டோபரில் டேவிஸையே மக்கள் வாக்குப் போட்டுத் திரும்ப அழைத்துவிட்டார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம், நடிகர் அர்னால்டு ஆளுநராக வந்த தேர்தல் அது.

இங்கே முறை இப்படி. பத்து ஆண்டு வழக்கறிஞராக இருந்த யாரும் சுப்பீரியர் கோர்ட்டுக்கு நிற்கலாம். பதவிக் காலம் 6 ஆண்டு. கட்சிச் சின்னம் கிடையாது. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவர் நவம்பரில் மறுபடி மோதுவார்கள். ஆனால் நடைமுறையில் பெரும்பாலான நீதிபதிகள் பதவிக் காலத்தின் நடுவில் ஓய்வு பெறுகிறார்கள், அந்த இடத்தை ஆளுநர் நிரப்புகிறார். நியமனமானவர் அடுத்த தேர்தலில் மனுப் போடுவார். எதிர்த்து யாரும் மனுப் போடாவிட்டால் அவர் பெயர் வாக்குச்சீட்டிலேயே வராது. தானாகவே இன்னொரு 6 ஆண்டு.

பெர்ஸ்கிக்கும் அதுதான் நடந்தது. அவர் டர்னருக்குத் தண்டனை சொன்னது 2016 ஜூன் 2, வியாழன். ஜூன் 7, செவ்வாய், மாநிலத் தேர்தல். அன்றைக்கு அவர் பதவியும் புதுப்பிக்கப்பட வேண்டிய நாள். மனுத் தாக்கல் கெடு மார்ச்சிலேயே முடிந்துபோயிருந்தது, எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. நாடு முழுக்க அவர் பெயரைத் திட்டிக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, அவர் பெயர் எந்த வாக்குச்சீட்டிலும் இல்லை. ஒரு வாக்குகூடப் பதிவாகாமல் 2023 ஜனவரி வரை நீதிபதி ஆனார்.

கார்த்தி, உங்கள் கட்டத்தில் இரண்டு பெயர் இருக்கிறது பாருங்கள், அதுவே அபூர்வம். அதை வெறுமனே விட்டுவிடாதீர்கள்.

மேலூர் வக்கீல் | திங்கள் மதியம் 1.30

நன்றி ஐயா. அப்படியானால் தோற்ற தேர்தல் ஒன்று, யாரும் பார்க்காத தேர்தல்கள், பிறகு எல்லாரும் பார்த்த ஒன்று. அந்த எல்லாரும் பார்த்ததில் வெளியேற்றம். அவர் மீது ஒழுங்கு நடவடிக்கைப் புகார் போகவில்லையா? அதற்கென்று ஓர் அமைப்பு இருக்குமே?

துபாஷி | திங்கள் மாலை 6.05

போனது. மாநிலத்தில் நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் ஆணையம் உண்டு. 2016 டிசம்பரில் அது முடிவு சொன்னது: பாரபட்சத்துக்கோ அதிகார மீறலுக்கோ தெளிவான ஆதாரம் இல்லை, தண்டனை சட்ட வரம்புக்குள் இருக்கிறது. ப்ரொபேஷன் அதிகாரியின் அறிக்கையே கவுண்டி ஜெயிலும் ப்ரொபேஷனும் போதும் என்றுதான் பரிந்துரைத்திருந்தது. நம் ஊரில் ஜெயில், சிறை இரண்டும் ஒன்றுதான். இங்கே கவுண்டி ஜெயில் என்பது பெரும்பாலும் சிறிய தண்டனைகளுக்கு, மாநிலச் சிறை என்பது பெரிய குற்றங்களுக்கு. மீனா அம்மாவின் கோபம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றியது. அது நியாயமான கோபம் என்றே சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 6 ஆண்டு சிறை கேட்ட மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜெஃப் ரோசன், தண்டனை தவறு என்று வெளிப்படையாகச் சொன்னவர், ரீகாலை, அதாவது பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பை, எதிர்த்தார். ஏழைகளுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர்கள் எதிர்த்தார்கள். லடோரிஸ் கார்டெல் என்ற ஓய்வு பெற்ற நீதிபதி, அதே கோர்ட்டில் இருந்த கறுப்பினப் பெண்மணி, முன்னால் நின்று எதிர்த்தார். இவர்கள் யாரும் டர்னர் மேல் இரக்கப்பட்டவர்கள் இல்லை.

கூப்பர்டினோ மீனா | திங்கள் இரவு 8.50

துபாஷி ஐயா, உங்கள் மேல் மரியாதை வைத்துத்தான் கேட்கிறேன். "சட்ட வரம்புக்குள் இருக்கிறது" என்ற வார்த்தையை எத்தனை தலைமுறைப் பெண்கள் கேட்டிருப்பார்கள்? ஆணையம் கைவிட்டது, அடுத்த தேர்தல் 2022-ல். அதுவரை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய மிஷெல் டாபர் ஸ்டான்ஃபோர்டில் சட்டப் பேராசிரியர், சட்டம் தெரியாதவர் இல்லை. இந்த ஒரு வழக்கு மட்டும் இல்லை, பெண்களை அடித்த, சீரழித்த வேறு சில வழக்குகளிலும் இதே மென்மையைக் காட்டினார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு அடுத்த வழக்குக்கு வந்த ஜூரிகள் பலர் எழுந்து, உங்கள் கோர்ட்டில் உட்கார மாட்டோம் என்று சொன்னார்கள். ஜூரியே உட்கார மறுத்தால் அந்த நீதிபதிக்கு என்ன மிச்சம்? கடைசியில் அவரே கேட்டுக்கொண்டு சிவில் வழக்குகளுக்குப் போனார்.

ஆனந்தி | திங்கள் இரவு 10.45

நான் அரசியல் அறிவியல் படிக்கிறேன், இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டியிருக்கிறேன். மீனா அக்கா, உங்களுக்கு முன்னாலும் இதே வேலையைச் செய்த பெண்கள் இருந்தார்கள்.

கலிஃபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1911-ல். ரீகால் அதிகாரம் வந்ததும் அதே ஆண்டு, அதே தேர்தலில். சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் வெல்லர் என்று ஒரு போலீஸ் கோர்ட் நீதிபதி. பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனின் ஜாமீன் தொகையைக் குறைத்தார், அவன் ஜாமீனில் வந்து தலைமறைவாகிவிட்டான். பெண்கள் சங்கங்கள் திரண்டு கையெழுத்து வாங்கி 1913-ல் வெல்லரை இறக்கின. வாக்குரிமை கைக்கு வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அதை வைத்து அவர்கள் முதலில் செய்தவற்றில் ஒன்று இது.

பிறகு 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று நீதிபதிகள் முறைகேட்டுப் புகாரில் இறக்கப்பட்டார்கள். அதற்கப்புறம் கலிஃபோர்னியாவில் 86 வருஷம் ஒருவரும் இல்லை, பெர்ஸ்கிதான். நாடு முழுக்கப் பார்த்தால் 1977-ல் விஸ்கான்சினில், மேடிசன் நகரத்தில், ஆர்ச்சி சைமன்சன் என்ற நீதிபதி. ஒரு பலாத்கார வழக்கில் பெண்களின் உடையைப் பற்றிப் பேசினார். அந்த வருஷமே மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அவர் இடத்துக்கு வந்தவர் ஒரு பெண்.

1913, 1977, 2018. மூன்றுமே பெண்ணுக்கு நடந்த கொடுமையை நீதிபதி லேசாக எடுத்துக்கொண்ட வழக்கு. மூன்றிலும் முன்னால் நின்றவர்கள் பெண்கள். இதை வெறும் கும்பல் கோபம் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வேறு வழி எல்லாம் அடைபட்ட பிறகுதான் இந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

எதிர்ப்பும் அதே அளவு பழசு. அரிசோனா மாநிலமாகச் சேர வந்தபோது, அதன் அரசியல் சட்டத்தில் நீதிபதிகளைத் திரும்ப அழைக்கும் பிரிவு இருக்கிறது என்பதற்காகவே 1911-ல் அதிபர் டாஃப்ட் சேர்க்கையைத் தடுத்தார். அந்தப் பிரிவை எடுத்துவிட்டு 1912 பிப்ரவரியில் மாநிலமானார்கள். அதே வருஷம் அதை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்!

ஆனால் ஒரு ஆய்வு என் தூக்கத்தைக் கெடுத்தது. சான்ஃபோர்டு கார்டன், சிடாக் இன்டிசோ என்ற இருவர் கலிஃபோர்னியாவின் சில கவுண்டிகளில் தண்டனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பெர்ஸ்கி மீது ரீகால் அறிவிப்பு வந்ததும் மற்ற நீதிபதிகள் கொடுத்த தண்டனைகள் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியிருக்கின்றன. பாலியல் வழக்குகளில் மட்டும் இல்லை, மற்ற குற்றங்களிலும். அதன் சுமை அதிகமாக விழுந்தது கறுப்பினத்தவர் மேலும் லத்தீன் வம்சாவளியினர் மேலும். டர்னர் மாதிரி ஆட்கள் மேல் இல்லை.

வேலூர் வாசு | செவ்வாய் காலை 6.30

30 விழுக்காடா? யாரோ ஒருவனுக்குக் குறைத்துக் கொடுத்ததற்கு வேறு யாரோ கூட்டிக் கட்டியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு டீ ஆறிப் போனதுகூடத் தெரியவில்லை.

துபாஷி | செவ்வாய் மதியம் 12.15

ஆனந்தி அம்மா எண்ணாகச் சொன்னதை நான் ஆளாகப் பார்த்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வக்கீலும் கட்சிக்காரரும் தனியாகப் பேசுவதை நாங்கள் உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. ஆகவே திறந்த கோர்ட்டில், எல்லார் காதிலும் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன். எந்தக் கவுண்டி, எந்த நீதிபதி என்று கேட்காதீர்கள்.

சமையல் வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர் ஒருவர். அடிதடி வழக்கு. அதற்கு முன் ஒரு குற்றமும் இல்லை. இங்கே பல வழக்குகளில் ஒரு வழக்கம் உண்டு: குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன தண்டனை கொடுப்பேன் என்று நீதிபதி தன் வாயால் முன்கூட்டியே சொல்வார். அரசுத் தரப்பு கேட்பதைவிட அது பெரும்பாலும் குறைவாக இருக்கும். அந்த நீதிபதி அப்படிச் சொல்வதற்குப் பேர் போனவர். பொறுமையானவர், ஒவ்வொரு தாளையும் படிப்பவர். எத்தனையோ தடவை அவர் சொன்னதை நான் தமிழாக்கியிருக்கிறேன்.

அன்றைக்கு வக்கீல் எழுந்து, தங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார். நீதிபதி கோப்பைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மூடினார். "இன்றைக்கு நான் எதுவும் சொல்லப் போவதில்லை" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, "என்ன சார் சொன்னார்?" என்று கேட்டார். "ஒன்றும் சொல்லவில்லை" என்பதைத் தமிழில் சொல்ல எனக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. பின் வரிசையில் அவர் மனைவி, மடியில் மதியச் சாப்பாட்டுப் பாத்திரம். சாயந்திரம் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று வந்திருக்கிறார். அரசுத் தரப்பு சொன்ன 3 ஆண்டுக்கு அவர் தலையாட்டினார்.

அந்த நீதிபதியின் மனசில் என்ன ஓடியது என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்த மாதங்களில் "இன்றைக்கு எதுவும் சொல்லப் போவதில்லை" என்பதை அடிக்கடி மொழிபெயர்த்தேன். அதற்கு முன் இத்தனை தடவை அதைச் சொன்னதில்லை.

மீனா அம்மா, ஒரு சோறு பதம் என்றீர்கள். ஒரே பானையில், ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு அது சரி. ஒரு நீதிபதி முன்னால் வருவது ஒவ்வொன்றும் தனி அடுப்பு, தனிப் பானை. 13 வருடம் உட்கார்ந்தவரின் பானைகளை யாரும் திறந்தே பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று பொங்கி அடுப்பை அணைத்தபோதுதான் ஊர் திரும்பியது. என் வருத்தம் நீங்கள் 2018-ல் வாக்குப் போட்டதில் இல்லை. 2004-லும் 2010-லும் 2016-லும் நாம் யாருமே பார்க்கவில்லை என்பதில்.

கூப்பர்டினோ மீனா | செவ்வாய் இரவு 11.50

ஐயா, இதை எழுத ராத்திரி வரைக்கும் ஆகிவிட்டது.

அந்த மனைவியின் மடியில் இருந்த பாத்திரம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நான் கையெழுத்து வாங்கினபோது அந்தம்மாவை நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். ஆனால் மறுபடி அந்த நாள் வந்தாலும் நான் அந்தக் கடை வாசலில் நிற்பேன் ஐயா. அந்த நர்ஸ் பெண்ணிடம் "வரம்புக்குள் இருக்கிறது, வீட்டுக்குப் போ" என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் என் மனசில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது, இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சட்டத்தை மாற்றினார்களே, அது நல்லதுதானே? 2016 செப்டம்பர் 30 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட்டார். நினைவில்லாத பெண்ணிடம் இப்படிச் செய்தால் இனி ப்ரொபேஷன் கிடையாது, சிறைதான்.

துபாஷி | புதன் காலை 8.20

அந்தச் சட்டம் வந்ததற்கு நானும் மகிழ்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டாயத் தண்டனை என்று வந்துவிட்டால், எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று முடிவு செய்கிற அரசு வழக்கறிஞர் கைக்குத்தான் அதிகாரம் போகிறது. நீதிபதி தப்புச் செய்தால் திறந்த கோர்ட்டில் தெரியும். அரசு வழக்கறிஞர் தன் அறையில் எடுக்கிற முடிவு யாருக்கும் தெரியாது. வக்கீல் ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலூர் வக்கீல் | புதன் காலை 9.05

இந்தியாவிலும் குறைந்தபட்சத் தண்டனைப் பிரிவுகள் வந்த பிறகு இதை நானே பார்த்திருக்கிறேன் ஐயா. பெர்ஸ்கி அப்புறம் என்ன ஆனார்?

ஆனந்தி | புதன் காலை 11.30

அவர் இடத்துக்கு அதே வாக்குச்சீட்டில் சிண்டி ஹெண்ட்ரிக்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உயர் பதவியில் இருந்தவர். எதிர்த்து நின்ற ஆஞ்சலா ஸ்டோரி தனியார் வழக்கறிஞர். துபாஷி ஐயா சொன்னதற்கு இதுவும் சேரும்: அமெரிக்காவில் விசாரணை நீதிபதிகளில் அரசுத் தரப்பிலிருந்து வருகிறவர்களே அதிகம், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக நின்றவர்கள் குறைவு. "டெபுடி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி" என்ற மூன்று சொல் வாக்குச்சீட்டில் நல்ல விலை போகும்.

பெர்ஸ்கி ரீகாலைத் தடுக்க வழக்குப் போட்டிருந்தார், நீதிபதி என்பவர் மாநில அதிகாரி, கவுண்டி அளவில் இதை நடத்தக் கூடாது என்று. அது தள்ளுபடியாகி, எதிர்த் தரப்பின் வழக்கறிஞர் செலவு 1,60,000 டாலருக்கு மேல் அவரே கட்ட வேண்டி வந்தது. 2019-ல் சான் ஹொசேயில் ஒரு பள்ளியில் மாணவிகளின் டென்னிஸ் அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த வேலையும் போனது.

பே ஏரியா கார்த்தி | புதன் இரவு 9.40

எல்லாவற்றையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது நேரடியாகக் கேட்கிறேன், என்னைப் போன்ற ஒருத்தன் இந்த இரண்டு பெயரில் எதைத் தேர்ந்தெடுப்பது? எதைப் பார்க்க வேண்டும்?

துபாஷி | புதன் இரவு 10.30

கையேட்டில் ஒருவருக்கு எழுத்தே இல்லை என்றீர்கள். அதை அச்சிட வேட்பாளர்தான் பணம் கட்ட வேண்டும். அதனால் இல்லாததை வைத்து எடை போடாதீர்கள். யார் யார் ஆதரிக்கிறார்கள் என்ற பட்டியலில் அவரோடு சேர்ந்து வாதாடிய, அவரை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். போலீஸ் சங்கமும் அரசியல்வாதியும் மட்டும் இருந்தால் எனக்குப் போதாது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி இடங்களில் வழக்கறிஞர் சங்கமே வேட்பாளர்களைத் தகுதி பார்த்து வெளியிடும், உங்கள் பக்கம் உண்டா என்று தேடுங்கள். "கடுமையாக இருப்பேன்" என்று யாராவது சொன்னால் கவனம். வழக்கு வருவதற்கு முன்னாலேயே தீர்ப்பைச் சொல்கிறவர் நீதிபதி இல்லை.

இதெல்லாம் ஒரு பக்கம். கோர்ட்டு திறந்த வீடு கார்த்தி. அடையாள அட்டைகூடக் கேட்க மாட்டார்கள். வேட்பாளர்கள் இருவரும் இன்றைக்கும் எங்கேயோ ஒரு கோர்ட்டில் நின்று வாதாடிக்கொண்டுதான் இருப்பார்கள். போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். எதிர்த் தரப்பில் இருப்பவனை, கையில் விலங்கோடு நிற்பவனை, அழுகிற சாட்சியை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். 20 வருடத்தில் இதற்காக வந்து உட்கார்ந்த ஒரு வாக்காளரை நான் பார்த்ததில்லை.

பே ஏரியா கார்த்தி | வெள்ளி மாலை 5.20

ஐயா, போனேன். காலையில் இரண்டு மணி நேரம்.

செக்யூரிட்டியில் பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு வாசலிலும் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து, ஏதோ ஓர் அறைக்குள் நுழைந்தேன். புதிதாகப் பிடித்து வந்தவர்களுக்குக் குற்றச்சாட்டை வாசிக்கிற இடம். ஒருத்தருக்கு மூன்று நிமிஷம் இருந்தால் அதிகம். நான் எண்ணியவரை 31 பேர். ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது. புரிந்ததா என்று நீதிபதி கேட்டார். அவன் தலையாட்டினான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் தலையாட்டினீர்கள், ஆனால் புரியவில்லை என்று நினைக்கிறேன். மறுபடி சொல்கிறேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பாவின் 11 வருஷத்தில் அவருக்கு அப்படி ஒரு நிமிஷம் கிடைத்ததா என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்த நீதிபதியின் பெயரை வாக்குச்சீட்டில் தேடினேன். இல்லை. எதிர்த்து யாரும் நிற்கவில்லை போலிருக்கிறது.

இரண்டு வேட்பாளர்களுக்கும் மெயில் அனுப்பினேன், நீங்கள் வாதாடுவதைப் பார்க்க வேண்டும், எந்த அறை, எந்த நாள் என்று. ஒருவர் பதில் போட்டுவிட்டார். வியாழக்கிழமை காலை ஒரு விசாரணை ஆரம்பிக்கிறதாம். அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். உறையை இன்னும் ஒட்டவில்லை.

கூப்பர்டினோ மீனா | வெள்ளி மாலை 6.02

எத்தனை மணிக்குத் தம்பி? எந்தக் கோர்ட்டு என்று தனி மடலில் அனுப்பு. நானும் வருகிறேன்.